வாக்குறுதிக்கும் ஒரு பேரேடு வேண்டும்: பியாவர் கடைவீதி தரும் பாடம்



தேர்தல் வந்துவிட்டால் நம் கடைவீதிக்கு வராத ஆளே இல்லை. கும்பிட்ட கையோடு வேட்பாளர் வருகிறார். பின்னால் கொடி பிடித்தவர்கள் வருகிறார்கள். அவர்களோடு பத்திரிகை நிருபரும் தொலைக்காட்சிக்காரரும் வருகிறார்கள். நாமும் சால்வை போர்த்துகிறோம், மனுக் கொடுக்கிறோம், படத்துக்கு நிற்கிறோம். மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் சால்வை இருக்கிறது, மனுவைக் காணோம்.

2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நேர்ந்ததும் இதுதான். 28 கோரிக்கைகளை நான்கு பக்கத்தில் தட்டச்சு செய்து, முதலில் வந்த வேட்பாளரிடம் கொடுத்தோம். மறுநாள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தது. அடியில் வணிகர்கள் ஆதரவு என்று இரண்டே வரி. 28 கோரிக்கைகளில் ஒன்றுகூட அச்சேறவில்லை. நாங்கள் யாருக்கும் ஆதரவு தெரிவிக்கவும் இல்லை. எதிர்க்கட்சிக்காரர் அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி சங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உறுப்பினர்களில் சிலர் அந்த ஆண்டு சந்தா கட்டவில்லை. பல நாள் நிருபரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஆற அமர யோசித்தபோது, பிழையில் பெரும்பங்கு நம்முடையதுதான் என்று புரிந்தது.

பண பலமோ கட்சி பலமோ இல்லாத சாமானிய மக்கள், தேர்தல் வேளையில் தங்கள் கோரிக்கையைப் பத்திரிகையில் ஏற்றுவது எப்படி? இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. ராஜஸ்தானில் பியாவர் என்ற வியாபார ஊரில் 1996-ஆம் ஆண்டு நடந்தது அது. பருத்திக்கும் கம்பளிக்கும் பேர்போன மண்டி ஊர். அங்கே செய்யும் எள்ளு மிட்டாய்க்கும் நல்ல பெயர் உண்டு. அந்த ஊர்க் கடைவீதியில் நடந்ததை வியாபாரிகளாகிய நாம் பாடமாகப் படிக்கலாம்.

கணக்குக் கேட்ட கூலிக்காரர்கள்

ராஜஸ்தானின் வறண்ட பகுதியில் உள்ள பீம் என்ற ஊரில் 1990 மே 1-ஆம் தேதி 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொழிலாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு என்று பொருள். இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு விலகி கிராமத்துக்குப் போனவர். நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அவருடன் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் மண் வீட்டில் தங்கி வேலை செய்தார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் கூலி வேலை செய்பவர்கள், சிறு விவசாயிகள்.

அவர்களுடைய குறை எளிமையானது. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனால் அரசு நிர்ணயித்த கூலி கைக்கு வருவதில்லை. கேட்டால், நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு என்று மஸ்டர் ரோலில் எழுதியிருப்பதாகச் சொல்வார்கள். அதைக் காட்டுங்கள் என்றால், அரசாங்க ரகசியம் என்பார்கள். எப்படியோ சில நகல்கள் கிடைத்தபோது உண்மை வெளிப்பட்டது. செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரில் இல்லாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில்!

1994 டிசம்பர் 2-ஆம் தேதி கோட்கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். ஊரார் நடுவில் பில்லையும் வவுச்சரையும் உரக்கப் படித்து, இந்த வேலை நடந்ததா, இந்தக் கூலி உனக்கு வந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். நம் பேரேட்டை எடுத்துவைத்து வரிக்கு வரி சரிபார்ப்பது போன்ற காரியம்தான். ஆனால் அரசாங்கக் கணக்கை ஊர்ச்சனம் சரிபார்ப்பது அன்றைக்குப் புதிது. ஆகவே அது செய்தியாயிற்று.

முதல்வர் கொடுத்த வாக்கு

அடுத்த சில மாதங்களில் வேறு ஊர்களிலும் இத்தகைய விசாரணைகள் நடந்தன. பத்திரிகைகளும் எழுதின. 1995 ஏப்ரல் 5-ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஊராட்சி வேலைகள் சம்பந்தமான ஆவணங்களை, கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் ஜெராக்ஸ் நகலாகப் பெறலாம் என்றார். மறுநாள் நாளிதழ்களில் செய்தி வந்தது.

ஓராண்டு ஆயிற்று. ஆணை எதுவும் வரவில்லை.

இந்த இடத்தில் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்திருப்போம்? எல்லா அரசியல்வாதிகளும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் கல்லாவைக் கவனித்திருப்போம். அவர்கள் அந்தச் செய்தித்தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1996 ஏப்ரல் 6-ஆம் தேதி, செய்தி வெளியாகிச் சரியாக ஓராண்டு நிறைந்த அன்று, பியாவர் ஊரின் நடுவே சாங் கேட் என்ற இடத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வாக்குப்பதிவு.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் சொன்ன வார்த்தையை ஆணையாகப் போடுங்கள். எங்களுக்கு வோட்டுப் போடு என்று எந்தக் கட்சிக்காகவும் அவர்கள் கேட்கவில்லை.

கடைவீதியில் 40 நாட்கள்

தர்ணா தொடங்கிய அன்றே அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கட்டணம் கட்டினால் ஆவணங்களைப் பார்வையிடலாம். நகல் மட்டும் கிடையாது என்றது. பலர் இத்துடன் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் பில்லைப் பார்ப்பது வேறு, பில் கையில் இருப்பது வேறு என்பதைக் கொள்முதல் செய்யும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களும் அதை ஏற்காமல் தொடர்ந்து உட்கார்ந்தார்கள்.

சித்திரை, வைகாசி வெயில். பந்தலில் தினமும் பாட்டு, தெருக்கூத்துப் போன்ற நாடகம், சங்கர் சிங்கின் பொம்மலாட்டம், பேச்சு. கடைக்குச் சாமான் வாங்க வந்தவர் நின்று கேட்பார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வருவார். கிராமங்களிலிருந்து மக்கள் முறைவைத்து வந்து சில நாட்கள் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வரும்போது தங்கள் வீட்டுத் தானியத்தைக் கொண்டுவந்தார்கள். சந்தைக் காய்கறி வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். ஊர் மக்கள் தங்களால் முடிந்த சில்லறையைப் போட்டார்கள். கடைவீதியில் ஒருவர் பந்தல் போட்டால், வியாபாரம் கெடுகிறது என்று முதலில் முணுமுணுப்பவர்கள் நாம். பியாவர் வியாபாரிகள் அப்படியில்லாமல் ஆதரவு தந்தது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே அமைப்பு 1990-களின் தொடக்கத்தில் பீம் ஊரில் ஒரு மளிகைக்கடையை நடத்தியது. விலைப்பட்டியலை வெளிப்படையாக எழுதிவைத்துக் குறைந்த லாபத்துக்கு விற்றார்கள். மற்றக் கடைகளும் விலையைக் குறைக்க நேர்ந்தது. நம் மனத்துக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆயினும், எடையிலும் விலையிலும் சரியாக இருந்தவர்கள் என்ற பெயர் அந்தப் பகுதி மக்களிடம் அவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது. அந்தப் பெயர்தான் பின்னாளில் ஊர் ஊராக ஆட்களைத் திரட்டவும் தானியம் சேர்க்கவும் முதலாக நின்றது என்பது நம் கருத்து.

பத்திரிகைக்காரர்கள் ஏன் வந்தார்கள்?

முதலில் எழுதியவர்கள் உள்ளூர் நிருபர்கள். பெரிய ஊர்ப் பத்திரிகைகள் பிறகுதான் திரும்பிப் பார்த்தன. ஜன்சத்தா நாளிதழின் பிரபாஷ் ஜோஷி, மூத்த பத்திரிகையாளர்கள் குல்தீப் நய்யார், நிகில் சக்ரவர்த்தி போன்றவர்கள் இதில் அக்கறை கொண்டார்கள். தேர்தல் பரபரப்பின் நடுவே இவர்களைக் கூலிக்காரர்களின் பந்தல் இழுத்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, தேதி. முதல்வர் சொன்னது இன்ன நாள், இன்றோடு ஓராண்டு என்று சொன்னால் நிருபருக்கு அது சரிபார்க்கக்கூடிய செய்தி. அரசு ஏமாற்றுகிறது என்று பொதுவாகச் சொன்னால் அது வெறும் புலம்பல்.

இரண்டாவது, ஒற்றைக் கோரிக்கை. எங்கள் மனுவில் இருந்த 28-ல் எதைத் தலைப்பாகப் போடுவது என்று எந்த நிருபருக்கும் தெரிந்திருக்காது. பியாவரில் அந்தக் குழப்பமே இல்லை. 'ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்' என்று முழங்கினார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று அர்த்தம்.

மூன்றாவது, கோரிக்கையில் பத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு இருந்தது. அரசாங்க ஆவணம் கூலிக்காரருக்குக் கிடைத்தால் நிருபருக்கும் கிடைக்கும். ஆகவே இது தங்கள் விஷயமும்தான் என்று அவர்கள் உணர்ந்தார்கள்.

நான்காவது, பேசியவர்கள். 1996-இல் டில்லியில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம். நான்காம் வகுப்பு வரை படித்த ஒரு கிராமத்துப் பெண்ணிடம், உனக்கு எதற்குத் தகவல் உரிமை என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: என் மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் அரசாங்கம் கோடி கோடியாகச் செலவு செய்கிறதே, அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாதா? படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தப் பெண் ஒரு மளிகைக்கடைக் கணக்கில் சொல்லிவிட்டார். இன்றுவரை அதை எடுத்துச் சொல்லாதவர் இல்லை.

பலன் உடனே வந்ததா?

இல்லை. இதை மறைக்கக் கூடாது. 40 நாட்களுக்குப் பிறகு, நகல் தருவதற்கான வழிமுறைகளை ஆராய ஒரு குழு அமைப்பதாக அரசு சொன்னதன்பேரில் தர்ணா முடிந்தது. தேர்தலும் முடிந்துவிட்டது. அதன்பின் காரியம் நகரவில்லை. 1997-இல் ஜெய்ப்பூரில் மறுபடியும் 53 நாட்கள் உட்கார்ந்தார்கள். அதன் முடிவில் துணை முதலமைச்சர் அறிவித்தது என்ன தெரியுமா? நகல் பெறும் உரிமை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம்! வெளியிட்டவர்களே அதை வெளியில் சொல்லவில்லை.

ஆனால் பியாவரில் சேர்ந்த பத்திரிகைத் தொடர்பு வீண்போகவில்லை. 1996 ஆகஸ்டில் மக்கள் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கம் டில்லியில் உருவானபோது, அதைத் தொடங்கியவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். நீதிபதி பி.பி.சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் ஒரு மாதிரிச் சட்ட வரைவைத் தயாரித்தது. 1998 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் தகவல் உரிமைச் சட்டம் ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையிலேயே ஏறியது. அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்து, 2000-இல் சட்டம் நிறைவேறியது. இதற்கு முன்பே நம் தமிழ்நாட்டில் 1997-இல் ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்திருந்தது. கடைசியில் 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு தேர்தலில் போட்ட விதை இரண்டு, மூன்று தேர்தல்கள் கழித்தே காய்த்தது.

நம் சங்கங்கள் செய்ய வேண்டியவை

1. வாக்குறுதிக்கு ஒரு பேரேடு போடுங்கள். அமைச்சரோ, உறுப்பினரோ, நகராட்சித் தலைவரோ கடைவீதிக்கு என்ன செய்வதாகச் சொன்னாலும் தேதி, இடம், சொன்ன வாசகம், பத்திரிகைச் செய்தியின் வெட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் ஒட்டிவைக்க வேண்டும். நிறைவேறினால் வரவு, இல்லையானால் பாக்கி. தேர்தல் வந்ததும் அந்தப் பாக்கிப் பட்டியல்தான் நம் செய்தி.

2. ஒரு தேர்தலுக்கு ஒரு கோரிக்கை. மற்ற 27-ஐயும் விட்டுவிடச் சொல்லவில்லை. அதிகாரிகளிடம் அவற்றைக் கொடுக்கலாம். பத்திரிகைக்கு மட்டும் ஒன்று போதும். அதுவும் கடைக்காரரோடு வாடிக்கையாளருக்கும் உபயோகமானதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் கடைவீதியில் சாக்கடை நீர் ஏறுகிறது என்றால் அது எல்லோருடைய குறை.

3. கணக்கை முதலில் வாங்குங்கள். தொழில் உரிமக் கட்டணமாகவும் கடை வாடகையாகவும் நகராட்சி வசூலித்தது எவ்வளவு, கடைவீதி வடிகாலுக்குச் செலவிட்டது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். சங்கத்தின் பெயரில் அல்லாமல், ஓர் உறுப்பினர் குடிமகன் என்ற முறையில் தம் பெயரில் கேட்பது நல்லது. தேர்தல் அறிவிப்புக்கு நான்கைந்து மாதம் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

4. உள்ளூர் நிருபரை மதியுங்கள். கூட்டத்தைக் காலையில் வைத்தால் மாலைக்குள் அவர் செய்தி அனுப்ப முடியும். ஒரே தாளில் என்ன கோரிக்கை, யார் எப்போது வாக்களித்தார், இன்று நிலை என்ன என்று முதல் பத்தியிலேயே எழுதிக் கொடுங்கள். ஆதார நகலையும் இணையுங்கள். தலைவரின் வரவேற்புரையும் பொருளாளரின் நன்றியுரையும் செய்தியாகாது.

5. பாதிக்கப்பட்டவரையே பேச விடுங்கள். மூட்டை நனைந்து நஷ்டப்பட்ட சிறு கடைக்காரர் இரண்டு நிமிஷம் பேசுவது, நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் அரைமணி நேரம் பேசுவதைவிடப் பலன் தரும்.

6. எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கேள்வி, ஒரே நாள், ஒரே மரியாதை. பதில்களை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கமாக வைத்து வெளியிடுங்கள். பதில் தராதவர் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள். சால்வை வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பணம் கொடுத்துச் செய்தி போடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. 2009 தேர்தல்களில் விளம்பரங்கள் செய்தி வேஷத்தில் வந்ததைப் பற்றி நாடே பேசியது. பத்திரிகைக் கவுன்சில் அதை விசாரித்து 2010-இல் அறிக்கை கொடுத்தது. இப்போது தேர்தல் கமிஷனின் குழுக்கள் மாவட்டந்தோறும் இதைக் கண்காணிக்கின்றன. விளம்பரம் தருவதானால் விளம்பரம் என்றே தெரியும்படி கொடுப்போம். செய்தி போடாவிட்டால் விளம்பரத்தை நிறுத்துவோம் என்று பத்திரிகையை மிரட்டுவதும் தவறு. அப்படி வாங்கிய செய்தி நம் சரக்குக்கு நாமே எழுதிக்கொண்ட தரச் சான்று போன்றது. வாசகர் நம்ப மாட்டார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ அச்சிடும் நோட்டீசில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வதும் குற்றம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில் தேர்தல் சம்பந்தமான கூட்டம் கூடாது. பந்தல் போடுவதானால் முன்கூட்டியே போலீஸ் அனுமதி பெற்றுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் சங்கத்தின் பெயரால் அனுப்பாதீர்கள். ஒரு பொய்ச் செய்தி போதும், அடுத்த முறை நம் உண்மையான கணக்கையும் நிருபர் சந்தேகிப்பார்.

நம் தராசு

கடைசியாக ஒன்று. பியாவரில் கணக்குக் கேட்டவர்கள் தங்கள் வரவு செலவையும் மக்கள் முன் வைப்பதை வழக்கமாகக் கொண்டவர்கள். நம் சங்கங்களில் எத்தனை, ஆண்டுக் கணக்கை எல்லா உறுப்பினருக்கும் காட்டுகின்றன? நம் கடைகளில் எத்தனை, கேட்காமலே பில் கொடுக்கின்றன? நகராட்சியிடம் நாம் கணக்குக் கேட்ட மறுநாளே, உங்கள் கடைத் தராசைக் காட்டுங்கள் என்று ஒரு நிருபர் கேட்டால் தயங்காமல் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் தேர்தல் காலத்தில் பத்திரிகையைக் கூப்பிடுவது நமக்கே வினையாகும்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு நீளக் குறிப்பேடு வாங்கி, மேலே வாக்குறுதிப் பேரேடு என்று எழுதிவைத்திருக்கிறோம். முதல் பதிவு, 2019-இல் சால்வை வாங்கிக்கொண்ட அந்த வேட்பாளர், கடைவீதி வடிகாலை ஆறு மாதத்தில் சீராக்குவதாக எங்கள் முன்னால் சொன்ன வார்த்தை. அதைப் பாக்கிப் பத்தியில்தான் எழுதியிருக்கிறோம். உங்கள் ஊர்ச் சங்கமும் இந்த மாதக் கூட்டத்திலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கட்டும்.